வெற்றிலை வாங்கிய கையும் ஓட்டுப் போட்ட கையும்

என் வீட்டுக்காரர் தங்கராஜு ரொம்ப நல்ல மனிதர். இதை நான் சொல்லவில்லை; தங்காக் டவுனிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நல்ல மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவள் செல்லம் என்கிற நான். யாராவது ரப்பர் பால் வெட்டும் கத்தியைக் கேட்டால் தீட்டி வைத்த கத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டு, தான் மொட்டைக் கத்தியோடு மரத்துக்குப் போவார். அப்படிப்பட்டவரைத்தான் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணி வீரமுத்துவை எதிர்த்துத் தேர்தலில் நிற்க வைத்தேன். ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்த கதை இது.

எதற்காக நிற்க வைத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்குக் கைக்குழந்தை. தோட்டத்தில் விடிவதற்கு முன்னால், இருட்டோடு இருட்டாக, தப்பு மேளம் அடித்து எங்களை எழுப்பி வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர்தான் விழும், கூலியும் பாதிதான். வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போக ஆயாக் கொட்டகை என்று ஒன்று இருந்தது. அதில் ஆயாவாக இருந்தவள் கருப்பாயி, கங்காணியின் கொழுந்தியாள். கருப்பாயிக்குத் தூக்கம் என்றால் உயிர். பெரட்டு முடிந்து, சூரியன் எழுந்து, அதற்குப் பிறகு கருப்பாயி எழுந்து, கொண்டை போட்டு, கோப்பி குடித்து முடித்தால்தான் கொட்டகைக் கதவு திறக்கும்.

அதுவரை பிள்ளையை எங்கே விடுவது? கதவு திறக்கும்வரை காத்திருந்தால் அரைப் பேர். இல்லாவிட்டால் முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போக வேண்டும். நான் கட்டிக்கொண்டு போனேன். ரப்பர் காட்டுக் கொசு பெரிய ஆள், சின்ன ஆள் என்று பார்க்காது. என் மகள் ராஜம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, போனது, மறுபடியும் வந்தது. கடைசித் தடவை கண் செருகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அந்தப் பயம் எந்தத் தாய்க்கும் வேண்டாம். பிள்ளை பிழைத்தாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்: கொட்டகைக் கதவு பெரட்டுக்கு முன்னால் திறந்தாக வேண்டும். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

கங்காணியிடம் போய்ச் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டார். கேட்டார் என்றா சொன்னேன்? காது என் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

“உங்க ஆத்தால்லாம் ஆயாக் கொட்டகையிலயா புள்ள வளத்தாங்க? போ புள்ள, போய் வேலையப் பாரு,” என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நிர்வாகம் பண்ணப் புதுத் துரை வந்து சேர்ந்தார். இளவயசு. பழைய துரை யார் வந்தாலும் கங்காணியைக் கூப்பிட்டு விரட்டச் சொல்லிவிடுவார். இவர் வாசலுக்கு வந்து நின்று கேட்டார். கேட்கிற ஆள் கிடைத்தால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆபீஸ் வாசலில் ஒரு கூட்டம் கூடியது. ஒருவர் கூரை ஒழுகுகிறது என்பார், ஒருவர் அரிசியில் கல் என்பார், ஒருவர் தன் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு பத்து பாகாட் ஊருக்குப் போய்விட்டாள், துரை கடிதம் எழுதிக் கூப்பிட வேண்டும் என்பார். எல்லாம் ஒரே நேரத்தில். துரை காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர், மறுநாள் பெரட்டில் கிராணி ஜெயபாலனை விட்டு ஓர் அறிவிப்புச் சொல்ல வைத்தார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணிக்குச் சத்தமாகப் பேசுவது பிடிக்கும். இழுத்து இழுத்துச் சொன்னார்.

தொழிலாளிகள் தங்களுக்காகப் பேச ஓர் ஆளை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு அந்த ஆள் சொல்வதைத் துரை உட்கார வைத்துக் கேட்பார். ஒரு வருஷம் அவர். அடுத்த வருஷம் மறுபடியும் ஓட்டு. பெரட்டில் யார் யார் பேரைக் கூப்பிடுகிறார்களோ அவர்கள் எல்லாருக்கும் ஓட்டு உண்டு.

“எல்லாருக்கும்னா? பொம்பளைங்களுக்குமா?” என்று கங்காணி கேட்டார். “புருசன் போட்டா போதாதா? ஒரே சோத்தத் தின்னுட்டு ரெண்டு ஓட்டா?”

“பேர் கூப்பிடுற எல்லாருக்கும்னு துரை சொல்லிட்டாரு கங்காணி,” என்றார் கிராணி.

பெண்கள் வரிசையில் ஒரு சிரிப்பு ஓடியது. பால் வெட்டும்போது ஆள் கணக்கில் இருக்கிறோம், ஓட்டுப் போடும்போது மட்டும் எங்கே போய்விடுவோம்?

கங்காணி தாம்தான் அந்த ஆள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். அவரை எதிர்த்து நிற்க யாருக்கும் நெஞ்சில்லை. அவர்தானே எங்கள் பாதிப் பேரைக் கப்பல் ஏற்றி இங்கே கூட்டி வந்தவர். நான் வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தேன்.

“என்னங்க, நீங்க நிக்கணும்.”

“நானா? கங்காணிக்கு எதிராலயா?” அவர் கோப்பியைக் கீழே வைத்தார். “செல்லம், நம்ம கல்யாணத்துக்கு மாலை எடுத்துக் குடுத்ததே அவருதான்.”

“மாலை எடுத்துக் குடுத்தாரு. புள்ளைக்குக் கதவத் தொறந்து குடுத்தாரா?”

அவர் தொட்டிலைப் பார்த்தார். ராஜம்மா காய்ச்சலில் இளைத்து, கண் மட்டும் பெரிதாகக் கிடந்தாள். “சரி,” என்றார். நீயே நின்றிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அன்றைக்கு அது என் புத்திக்கே எட்டவில்லை.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் வீடு தேடி வந்து வெற்றிலை பாக்கு நீட்டினால் தட்டக்கூடாது. வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். கல்யாணம் நிச்சயமாவது வெற்றிலையில். சண்டை தீர்வது வெற்றிலையில். கடல் தாண்டி இந்தத் தோட்டத்துக்கு எங்களைக் கொண்டு வந்ததும் கங்காணி ஊரில் நீட்டிய வெற்றிலைதான். அவருக்கு அதன் பலம் தெரியாதா? ஒரு தாம்பாளம் நிறைய வெற்றிலையை அடுக்கிக் கருப்பாயியிடம் கொடுத்து வீடு வீடாக அனுப்பிவிட்டார். கருப்பாயி சூரியனுக்கு முன்னால் எழுந்ததை லயத்து வரிசை வீட்டு ஜனங்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டுக்கும் வந்தாள். நான் குழாயடியில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் வெற்றிலையும் கையுமாக நிற்கிறார்.

“ரெண்டு பேருக்கும் சேத்து வாங்கிட்டேன் செல்லம்.”

“உங்களுக்கு எதிரா ஓட்டுக் கேக்குற வெத்தலைய நீங்களே வாங்குனீங்களா?”

“வீடு தேடி வந்தவள எப்படித் திருப்பி அனுப்புறது?”

எனக்கு வந்த கோபத்தில் குடத்தை இறக்கக்கூட மறந்துவிட்டேன். கோழி விற்று வைத்திருந்த காசை எடுத்துக்கொண்டு நேரே தோட்ட வாசலுக்கு நடந்தேன். அங்கே ருக்னுதீன் பாய் கடை. அரிசி, மண்ணெண்ணெய், வெற்றிலை, சுருட்டு, எல்லாம் வைத்திருப்பார். நாகூர்ப் பக்கத்துக்காரர், எதிலும் சிரிக்க ஒரு விஷயம் கண்டுபிடித்துவிடுவார்.

“நேத்து கங்காணி ஒரு கூடை வெத்தல வாங்கிட்டுப் போனாரு. இப்ப நீயா தங்கச்சி? இந்தத் தேர்தல மாசா மாசம் வச்சா நல்லாருக்கும்லா,” என்றார்.

நானும் வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாரும் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்கள். சிலர் ராஜம்மாவின் கன்னத்தைக் கிள்ளி, “ஒனக்காகத்தான்டி,” என்று கொஞ்சினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே நம் பக்கம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அதே நேரத்தில் கங்காணியும் தம் வீட்டில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஓட்டு ஆயாக் கொட்டகையில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அங்கே பிள்ளைகள் இல்லை. ஒரு சேலையைக் குறுக்கே கட்டி, அதற்குப் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய் டின்களை வைத்தார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்காகக் கங்காணியின் டின்னில் அவர் பிரம்பைச் சாய்த்து வைத்தார்கள். எங்கள் டின் மேல் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைக் கட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்று ருக்னுதீன் பாயை மேற்பார்வைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் கிராணி நின்று ஆளுக்கொரு ரப்பர் கொட்டையைக் கொடுத்தார். வேண்டிய டின்னில் அதைப் போட வேண்டியது. கொட்டை யோசனை கிராணியுடையது. ரப்பர் தோட்டத்தில், காலை வைக்கிற இடமெல்லாம் ரப்பர் கொட்டை கிடக்கிற இடத்தில், அதையே ஓட்டாக வைக்கத் தோன்றியதே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

சாயங்காலம் டின்களைத் தூக்கினார்கள். இரண்டும் கனத்தன. கோரைப்பாயில் கொட்டி எண்ணினார்கள். கிட்டத்தட்ட இரண்டும் சமம். கிராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினார். இரண்டையும் சேர்த்தால் தோட்டத்தில் இருக்கிற ஆளைப்போல இரண்டு மடங்கு வந்தது.

“யாராவது எனக்கு விளக்கம் சொல்லுங்க,” என்றார் கிராணி, பரிதாபமாக.

புல்வெட்டுக்காரர் செல்லப்பன் எழுந்தார். நல்ல காரியம் செய்தவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவர் முகம்.

“ரெண்டு பேரு வெத்தலையும் வாங்கிட்டோம்ங்க. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தர விட்டா வாக்குத் தவறுனதா ஆயிடும்ல? அதான் நீங்க குடுத்தத ஒன்னுல போட்டுட்டு, வழியில பொறுக்குனத இன்னொன்னுல போட்டோம்.”

“எல்லாருமா?”

கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. ஒருவர் முகத்திலாவது தப்புச் செய்த களை இருக்க வேண்டுமே. இரண்டு வாக்கையும் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதிதான் இருந்தது.

“அலமாக்,” என்று தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் ருக்னுதீன் பாய். “வெத்தல எத்தன வேணும்னாலும் மெல்லுங்கப்பா. ஓட்டு ஒன்னுதான்.”

அடுத்த ஞாயிறு மறுபடியும் ஓட்டு என்று முடிவானது. தங்காக் டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த தம் மச்சான் ஜமாலிடமிருந்து சிவப்புக் கண்ணாடிப் பித்தான்கள் வாங்கி வருவதாகப் பாய் சொன்னார். அந்த மாதிரிப் பித்தான் லயத்தில் ஒருவர் சட்டையிலும் கிடையாது. ஆக, ஆளுக்கு ஒன்றுதான்.

அதோடு பிரச்சினை தீர்ந்தது என்று கிராணி நினைத்தார். அப்போதுதான் ஆரம்பித்தது. ஓட்டு ஒன்று, வாங்கிய வெற்றிலை இரண்டு. யாருக்குத் துரோகம் செய்வது? அந்த வாரம் முழுக்க லயத்தில் இதே பேச்சு. கோயிலில் பூக் கட்டிப் பார்க்கலாமா என்று சிலர் கேட்டார்கள். செல்லப்பன் ஒரு வழி கண்டுபிடித்தார்: ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையே தங்காக் டவுனுக்குப் போய்விடுவது, ஓட்டே போடாவிட்டால் யாருக்கும் துரோகம் இல்லை. இந்த யோசனை எல்லாருக்கும் பிடித்துவிட்டது. ஒருத்தி துணி எடுக்கப் போகிறேன் என்றாள். ஒருத்தி ஆயர் ஈத்தாமுக்குச் சட்டி வாங்கப் போகிறேன் என்றாள். ஒரு சட்டிக்கு அவ்வளவு தூரமா?

இவர்களெல்லாம் கிளம்பிவிட்டால் மிஞ்சுவது கங்காணியின் சொந்தபந்தம். கதவு பழைய நேரத்துக்குத்தான் திறக்கும். ராஜம்மா என் முதுகில் கொசுக்கடி வாங்கிக்கொண்டு இருப்பாள். நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று கெஞ்சினேன், திட்டினேன், அழவும் செய்தேன். கடைசியில் என் வாய்க்குப் பயந்தோ பிள்ளையின் முகத்துக்கு இரங்கியோ யாரும் ஊருக்குப் போகவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கொட்டகை வாசலுக்கு வந்தவர்கள் உள்ளே நுழையவில்லை. கிராணி பித்தானை நீட்டுகிறார்; “நீங்க மொதல்ல போங்க,” “இல்ல இல்ல, நீங்க போங்க,” என்று ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு நிற்கிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கூட்டத்தில் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

“செல்லம் குடுத்த வெத்தலைய எல்லாரும் மென்னாச்சுல்ல? நல்லா செவந்துச்சா?” என்றார். “அதோட சரி. அதுக்காக யாரும் எனக்குப் போட வேணாம். நீங்க குடுத்த வாக்க நான் உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன். உங்க மனசுக்குப் பட்டவங்களுக்குப் போடுங்க.”

சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். வீடு வீடாக ஏறி இறங்கி நான் கட்டியதை ஒரு நிமிஷத்தில் அவிழ்த்துவிட்டாரே. இப்போது எங்கள் வெற்றிலை செல்லாது. கங்காணியின் வெற்றிலை மட்டும் செல்லும். இதைவிட நேராக அவர் டின்னில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். பாவி மனிதா, பாவி மனிதா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நான் கவனிக்காத ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த அத்தனை முகமும் மெதுவாகக் கங்காணி பக்கம் திரும்பியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. சும்மா பார்த்தார்கள். ஒரு பால் வெட்டுக்காரன் திருப்பிக் கொடுத்ததைப் பெரிய கங்காணி திருப்பிக் கொடுக்காவிட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்கும் புரிந்தது. மீசையை ஒரு பக்கம் முறுக்கினார், மறுபக்கம் முறுக்கினார்.

“என்னடா எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க? வீரமுத்து வெத்தலைக்குக் கணக்குப் பாக்குறவனா? நானும் திருப்பிக் குடுத்தாச்சு. போங்க, போய்ப் போடுங்க. யாரு கை எந்த டின்னுக்குப் போகும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரியாது கங்காணி,” என்றார் ருக்னுதீன் பாய். “அதுக்குத்தான் சீலை கட்டியிருக்கோம்.”

முதலில் யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் மூச்சு விட்டார்கள். இவ்வளவு நேரம் பித்தானைத் தொடப் பயந்தவர்கள் இப்போது இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். போன வாரம் உள்ளே போனவர்கள் போன வேகத்தில் திரும்பினார்கள். இந்த வாரம் சேலைக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் நேரமானது. பிறருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது சட்டென்று முடிந்துவிடும். தன் மனசு என்ன சொல்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் நிற்கத்தான் வேண்டும்.

நானும் போனேன். இடுப்பில் இருந்த ராஜம்மா பித்தானைப் பிடுங்கி வாயில் போடப் பார்த்தாள். அவள் விரலை விரித்து எடுத்து மங்கு கட்டிய டின்னில் போட்டேன். ணங் என்று விழுந்தது. பிறந்ததிலிருந்து இதைச் செய், அதைச் செய் என்று அப்பாவும் அண்ணனும் கங்காணியும் சொல்லிச் செய்த கை இது. யாரும் சொல்லாமல், யாரும் பார்க்காமல் அது ஒரு காரியம் செய்ததில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ருக்னுதீன் பாய் பித்தான்களை எண்ணவில்லை. கோரைப்பாயை விரித்து இரண்டு வரிசையாக, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டே போனார். கணக்குத் தெரியாதவர்களும் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அங்கொன்று, இங்கொன்று. இரண்டு வரிசையும் சேர்ந்தே நீண்டன. கங்காணி உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். அவருக்கு எதிராக இத்தனை பித்தானா? எனக்கும் நம்ப முடியவில்லை. கடைசியில் எங்கள் டின் காலியாகிவிட்டது. கங்காணி டின்னில் இன்னும் ஒன்று இருந்தது.

ஒரே ஒரு பித்தான்.

கங்காணியின் ஆட்கள் கை தட்டினார்கள். தோற்பதில் வருத்தம் இருக்கும், அது தெரியும். ஆனால் ஒன்றில் தோற்பது இருக்கிறதே, அது நெஞ்சைப் போட்டு அறுக்கிறது.

“தம்பி தங்கராஜு, ஒத்துக்கிறியா?” என்று பாய் கேட்டார்.

“ஒத்துக்காம என்ன பாய்? நானும் கங்காணிக்குத்தானே போட்டேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“எனக்கு நானே எப்படிப் போட்டுக்கிறது செல்லம்? பந்தியில பரிமாறுறவன் தன் எலைக்கு மொதல்ல போட்டுக்குவானா? கூச்சமா இருந்துச்சு.”

அங்கேயிருந்து ஒன்றை எடுத்து இங்கே வைத்தால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டேன். கூட்டமும் போட்டது, பலர் விரலை மடக்கிப் போட்டார்கள். நாங்கள் ஒன்றில் ஜெயித்திருப்போம். செல்லப்பனுக்குத்தான் கணக்கு முதலில் முடிந்தது போலிருக்கிறது, அவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பெண்கள், அப்புறம் ஆண்கள், அப்புறம் கிராணி. கங்காணியின் ஆட்களே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நேரம் என் கையில் குழந்தைக்குப் பதிலாக விளக்குமாறு இருந்திருந்தால் ‘நல்ல மனிதர்’ என்ற பேரோடு அவர் போய்ச் சேர்ந்திருப்பார்.

கங்காணியின் முகம் கறுத்துவிட்டது. தமக்குத் தாமே போட்டுக்கொண்டவர் அவர், அதில் தப்பில்லை. ஆனால் எதிராளி போட்ட பித்தானில் ஜெயித்தேன் என்று வெளியே எப்படிச் சொல்லிக்கொள்வது?

“எவன் பிச்சையும் எனக்கு வேணாம். மறுபடி போடுங்க,” என்றார்.

“போட்டது போட்டதுதான் கங்காணி. இன்னொரு தடவ போட்டா என் கடைய யாரு பாக்குறது?” என்றார் பாய். “ஒரு வருசம் நீங்கதான் பேசணும். எல்லாருக்காகவும்.”

ஜெயித்த கங்காணி பிரம்பை மறந்துவிட்டு நடந்தார். தோற்ற என் வீட்டுக்காரர் அதை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினார்.

அன்றைக்கு நான் வீட்டில் பேசவில்லை. பாத்திரங்கள்தான் பேசின. அவர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னார்.

“பாதிப் பேரு நமக்குப் போட்டிருக்காங்க செல்லம். இதுக்கு முன்னாடி கங்காணி எதிரால ஒருத்தராவது தும்மியிருக்காங்களா?”

அதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. ரசத்தை அவர் முன்னால் நகர்த்திவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கு முந்திய நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் செருமல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கங்காணி, தலைப்பாகையோடு. வேண்டுமென்றால் ஆளை அனுப்பிக் கூப்பிடுகிறவர் அவர். லயத்து வீட்டு வாசலில் வந்து நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

“நாளைக்குத் துரைகிட்டப் பேசணும். பாதி லயம் எனக்குப் போடல. என்ன கொறைன்னு வீடு வீடா கேட்டுக்கிட்டு வர்றேன். உனக்கு என்ன கொறை புள்ள?”

“உங்களுக்குத் தெரியாதா கங்காணி?”

“தெரியும். முழுசா சொல்லு. துரை திருப்பிக் கேட்டா நான் முழிக்கக் கூடாதுல்ல?”

சொன்னேன். கொசுவைச் சொன்னேன், காய்ச்சலைச் சொன்னேன், கண் செருகியதைச் சொன்னேன். ராஜம்மாவைத் தூக்கி வந்து காலில் இருந்த தழும்புகளைக் காட்டினேன். இந்தத் தடவை அவர் மீசைப் பக்கம் கை போகவில்லை.

“இவ்வளவு ஆயிருக்கா? எங்கிட்ட யாரும் சொல்லலையே.”

“சொன்னேன் கங்காணி. நீங்க கேக்கல.”

அவர் குனிந்து பிள்ளையின் காலை ஒரு விரலால் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள் துரையிடம் என்ன நடந்தது என்று கிராணிதான் வந்து சொன்னார். கங்காணி உட்காரச் சொல்லியும் உட்காராமல், ராஜம்மா தம் சொந்தப் பேத்தி என்பது போல மேசையைத் தட்டிப் பேசினாராம். துரை பயந்துபோய் அந்த நிமிஷமே உத்தரவு போட்டாராம். பெரட்டுக்கு முன்னால் கொட்டகை திறக்க வேண்டும், ஆயா விளக்கேற்றிக்கொண்டு இருக்க வேண்டும். என் வீட்டுக்காரரோடு நான் அன்றைக்குத்தான் முழுசாகச் சிரித்துப் பேசினேன். கருப்பாயி மட்டும், “அக்கா புருசனே எனக்கு இப்படிப் பண்ணிட்டாரே,” என்று தெருவெல்லாம் சொல்லி அழுதாள்.

திங்கட்கிழமை தப்புச் சத்தம் கேட்பதற்கு முன்னாலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். இருட்டு. கொட்டகைக் கதவு திறந்திருந்தது; உள்ளே விளக்கு எரிந்தது. கருப்பாயி கொண்டை போடாத தலையும் கொட்டாவியுமாக வந்து கையை நீட்டினாள். ராஜம்மா அவள் முடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதுகில் சுமையில்லாமல் நடந்தேன். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது.

பாதையில் லாந்தரோடு கங்காணி நின்றிருந்தார்.

“தொறந்துருக்காளா?”

“தொறந்துருக்கா கங்காணி. விளக்கும் எரியுது.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அடுத்த வருசம் எனக்குத்தானே போடுவ?”

இந்த மனிதர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் சொல்வார், நாங்கள் செய்வோம். இப்போது கையில் லாந்தரைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை விட்டுவிட்டு வருகிற ஒரு பால் வெட்டுக்காரியிடம் கேட்கிறார். மரியாதைக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

“பாக்கலாம் கங்காணி,” என்றேன்.

ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

“சரி, பாரு,” என்றார். லாந்தரைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அந்த வெளிச்சத்தில் நான் பெரட்டுக்கு நடந்தேன்.